பார்படோஸில் வைத்த கருவாட்டுக் குழம்பு

6 மார்ச் 1988, ஞாயிறு

ஓய்வெடுக்கப் போன இடத்திலிருந்து கொதிப்போடு ரொறன்ரோ வந்து சேர்ந்திருக்கிறேன். பார்படோஸ் கடற்கரை ஹோட்டலின் சாப்பாடு சப்பென்று இருந்ததால், கொண்டுபோன மின்னடுப்பில் நேற்று அறைக்குள் கள்ளமாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். மணம் பிடித்து மனேஜர் வந்தான். நாங்கள் கடலுக்குப் போன நேரம் அறை துப்புரவாக்க வந்தவள்தான் சமைத்தாள் என்று நண்பன் சிவம் கூசாமல் பொய் சொன்னான். அவளை உடனே வேலையால் நிற்பாட்டினார்கள். குழம்பு எங்களுடையது என்று நான் போய்ச் சொன்னேன். மனேஜர் பார்க்கலாம் என்றான்.

"உனக்கென்ன, அவள் உன்ர மச்சாளே?" விமானத்தில் சிவம் நக்கலடித்தான்.

"நீயும் ரொறன்ரோவில ஹோட்டல் அறைதானேடா துடைக்கிறாய்?" என்றேன்.

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்களா என்று யாரைக் கேட்பது?