மச்சான் வாங்கிய புரொப்பல்லர்

மார்ச் 3, திங்கள்

முதலில் மன்னிப்பு. இதை நான் மட்டும்தான் படிக்கப்போகிறேன். ஆகவே என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன. ஒன்று கோட்டுக்கு மேலே ஏறுகிறது, அடுத்தது சறுக்கிக் கீழே விழுகிறது. கிழவனான பிறகு மாலை வகுப்பில் பழகிய கை. அரைப் பக்கம் எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுதுகிறேனே! நான்!

எழுத வைத்தவன் மச்சான். அவன் அடிக்கிற கூத்தை வாயால் சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது. தம்பியாயிற்றே. தாளுக்குக் கோபம் வராது.

நானும் அவனும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் படகு வாங்கியிருக்கிறோம். ஏரியில் ஜாலியாகச் சுற்ற என்கிறான் அவன். எனக்கு வேறு கணக்கு. அக்கரையில் மனைவியின் அக்காள் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். மலையைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் இவளால் உட்கார முடியாது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் வாந்தி, மயக்கம். இன்னும் அக்காளைப் போய்ப் பார்க்கவில்லை. படகு என்றால் நேரே போய்விடலாம்.

ஆனால் படகோடு வந்த புரொப்பல்லரில், அதுதான் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி, ஓர் இதழ் உடைந்திருக்கிறது. புதிது வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டான். யாரும் கொடுக்கவில்லை.

மார்ச் 4

மெக்கானிக் பட்டறை. சுவர் முழுக்கப் புரொப்பல்லர்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு எண்களையும் கூடவே எழுத்துகளையும் பொறித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். என்ன சுகம்!

முதல் எண் அகலம். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே தள்ளும் என்பது. மெக்கானிக் சொன்னார்: “அந்த ரெண்டாவது நம்பர் பெருசா இருந்தா வேகம் வரும். ஆனா பாரம் ஏத்தினா எஞ்சின் திணறிடும். எத்தனை பேரு, என்ன எடை, அதை முதல்ல சொல்லுங்க.”

மச்சான் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். “நாங்க ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு எழுபது. சின்னக்கா, அதான் மாமா வீட்டுக்காரி, அம்பது கிலோ இருக்கும். என் வீட்டுக்காரி நாப்பத்தஞ்சு.”

நாற்பத்தைந்து! அவன் வீட்டுக்காரி மாடியேறினால் கீழ்வீட்டுக்காரர் கூரையைப் பார்க்கிறார். உள்ளதை அவளிடம் கேட்க இவனுக்குத் தைரியம் கிடையாது. பேச்சு மட்டும் கப்பல் தளபதி பேச்சு. நானும் பக்கத்தில்தான் நின்றேன். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? என் வீட்டிலும் சோறு போடுவது ஒருத்திதானே.

இரண்டாவது எண் இருபத்தொன்று போட்ட ஸ்டீல் புரொப்பல்லரை எடுத்தான். கண்ணாடி மாதிரி பளபளப்பு. அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டான். படகுக்கு வாங்கினானா, மீசைக்கு வாங்கினானா?

மார்ச் 8, சனி

ஓட்டிப் பார்த்தோம், நாங்கள் இருவர் மட்டும். பறந்தது. “எப்படி மாமா? நம்ம செலக்‌ஷன்!” என்று கத்தினான். நானும் சிரித்தேன், பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

மார்ச் 9, ஞாயிறு

மானம் போயிற்று.

பெண்கள் இருவரும் ஏறினார்கள். கூடவே அக்காளுக்காக மெத்தை, தலையணைகள், பிடித்து நடக்கும் இரும்புச் சட்டம், இரண்டு பெரிய பாத்திரங்கள். மச்சான் முடுக்கினான். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கியது. எஞ்சின் முனகியது, வேகம் காட்டும் முள் பாதியிலேயே படுத்துக்கொண்டது. மிதிபடகில் ஒரு காதல் ஜோடி எங்களை முந்திக்கொண்டு போனது. கையசைத்தார்கள் வேறு.

“டேய் தம்பி, முன்னால ஏரி தெரியுதா, இல்ல மேகம்தான் தெரியுதா?” என்றாள் என் மனைவி. அதற்குள் பின்னாலிருந்து தண்ணீர் ஏறி மெத்தை நனைந்துவிட்டது. பாதி ஏரியில் திரும்பினோம்.

கரையில் இறங்கியதும் சொன்னாள்: “இனிமே இந்தத் தொட்டியில நான் கால் வச்சா கேளுங்க.”

மார்ச் 10

அவள் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

மார்ச் 11

அக்காள் போனில் அழுதாள். “எப்பதான்டி வருவ? நான் எழுந்து உக்காரவா போறேன்?” இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தான். “மாமா, இன்னும் பெரிய எஞ்சினா மாத்திடலாம்.” இவன் தலைக்குள் இருப்பதை எடுத்துவிட்டுக் காற்றடித்தால் நல்ல மிதவை கிடைக்கும்.

அவன் போன பிறகு மனைவி கேட்டாள், “அந்த மெக்கானிக் உங்ககிட்ட என்னதான் கேட்டாரு?”

எடை கேட்டார் என்றேன். தம்பி சொன்ன எண்ணையும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கதவருகே நகர்ந்து நின்றேன்.

“அம்பதா? நான் அம்பது கிலோவா இருந்தது கல்யாணப் போட்டோவுலதான். அவன்தான் சொன்னான்னா நீங்க எங்க போனீங்க? அங்க அக்கா கெடக்கறா, இங்க உங்களுக்கு மரியாதை கேக்குதா?”

அடி விழுந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 13

புரொப்பல்லரை மாற்ற நாங்கள் போனபோது அவளே பட்டறைக்கு வந்தாள், மச்சான் மனைவியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. எஞ்சின் நிறுக்கும் தராசு மேல் செருப்போடு ஏறி நின்றாள். “பாத்துக்கோங்க. எம்பத்தொண்ணு. ஏறும்மா, நீயும் ஏறு. எதுக்கு வெக்கம், நம்மளத்தான தூக்கிட்டுப் போகணும்?”

அடுத்தது மச்சான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பெல்ட், போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். மூச்சையும் இழுத்துப் பிடித்தான். தொண்ணூற்றாறு. என் எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. மையை வீணாக்கக் கூடாது.

“முதல்ல சொன்ன எடைக்கு நாலு குருவிதான் போக முடியும்,” என்றார் மெக்கானிக். நான்கு இதழ் அலுமினியம் ஒன்றை இறக்கினார், எண் பதினேழு. “வேகம் குறையும். ஆனா தூக்கும்.”

“கரிச்சட்டி மாதிரி இருக்கே,” என்றான் மச்சான். மெக்கானிக் பில் எழுதத் தொடங்கினார்.

இவள் படகில் ஏறுவேன் என்று இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

மெத்தையை வெயிலில் திருப்பிப் போட்டாள். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கரையிலிருந்து எழுதுகிறேன்!

நான்கு பேர், அத்தனை மூட்டையும். மூக்கு தூக்கியது. இவள் என் கையை நசுக்கினாள். பிறகு மெல்லப் படிந்து, படகு சமமாக ஓடத் தொடங்கியது. முள் இந்தத் தடவை படுத்துக்கொள்ளாமல் மேலே ஏறி நின்றது. கையை அப்புறமும் அவள் விடவில்லை.

அக்காளும் தங்கையும் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் அழுகை, நிறையச் சிரிப்பு. எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை. மச்சான் படகுத்துறையில் நின்று, முன்பின் தெரியாத ஒருவரிடம், “பாரத்துக்குத் தகுந்த புரொப்பல்லரா பாத்து நான்தான் செலக்ட் பண்ணேன்,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்கிறது.

இப்போதுதான் இவள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்: “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரணும். நான்தான் ஓட்டுவேன். நீங்க ரெண்டு பேரும் பாரமா பின்னால உக்காந்தா போதும்.”

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவன் முகம் போகிற போக்கைப் பார்த்த கையோடு எழுதிவிட வேண்டும்.