எங்கள் புகைக்குழாயில் புகை இல்லை

செங்கெல்தேய் மேடு, உலான்பாத்தர், மங்கோலியா
வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு

அன்பு மகள் நொமூனுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, என் பேரன் தெமூலென் மூவரும் இந்தக் குளிரை இருமல் இல்லாமல் கடந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி, நாய் எல்லோரும் சுகம். என் இரண்டு கையும் பண்டிகைக் கொழுக்கட்டை மாவில் இருப்பதால் தம்பி துகுல்துர்தான் எழுதுகிறான், நாளைக் காலை கொரியாவுக்கு, உங்கள் பூசானுக்கே திரும்பும் உன் தோழியிடம் கொடுத்தாக வேண்டும். (அக்கா, மாவு அம்மாவின் மூக்கிலும் இருக்கிறது. நான் சொல்லவில்லை.)

போன பண்டிகைக்கு வந்தபோது குழந்தையை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, "இந்தக் கரிப்புகை இருக்கிற வரைக்கும் குளிர்காலத்துல இவனைக் கூட்டிட்டு வரமாட்டேன்மா" என்றாயே, அது என் நெஞ்சில் அப்படியே கிடந்தது. இப்போது கேள், நம் வீட்டில் கரி அடுப்பை அணைத்து இன்றோடு பத்தொன்பது நாள்! நம் கூடார வீட்டுக்கு இன்னொரு சுற்றுக் கம்பளி போட்டோம், கதவுக்கு முன்னால் சின்னதாக ஒரு தடுப்பறை கட்டினோம், தரையில் மின்சாரச் சூட்டு விரிப்பு, கொட்டகைக் கூரையில் சூரியத் தகடு. கம்பியில் வரும் மின்சாரமும் எங்கோ கரி எரித்து வருவதுதானே என்று தம்பி வாதாடுகிறான், அதனால்தான் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்துக் குறைவாகச் செலவழிக்கிறோம். தகட்டில் படியும் ஊர்க்கரியைத் தினமும் அவன்தான் துடைக்கிறான். (வீட்டில் இப்போது புகைவது அம்மா மட்டும்தான், அதுவும் என்னைப் பார்த்தால்.)

அடுப்பைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அக்னி இருந்த இடமல்லவா, நடுவில் அப்படியே வைத்துக் காலையில் அதன் முன்னால் நெய்விளக்கு ஏற்றுகிறேன். குழாயும் கூரைக்கு மேலே நிற்கிறது. அதில்தான் வந்தது வினை. முதல் ஞாயிற்றுக்கிழமை, நெருப்பு மூட்ட நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை என்று முப்பது வருஷத்தில் முதல்முறையாக எட்டு வரை தூங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சொத்னோம் அண்ணன் தண்ணீர் எடுக்கப் போகும்போது நம் குழாயைப் பார்த்திருக்கிறார். புகை இல்லை. கரிவாயு அடித்து எல்லோரும் போய்ச்சேர்ந்துவிட்டோம் என்று முடிவுகட்டி, கோடரியால் கதவைப் பிளந்து உள்ளே பாய்ந்து, வாசல் பக்கம் படுத்திருந்த தம்பியைக் காலைப் பிடித்துப் பனியில் இழுத்துப் போட்டுவிட்டார்! அடுத்ததை எழுத மாட்டேன் என்கிறான், எழுதுடா என்று பக்கத்திலேயே நிற்கிறேன். "டேய் துகுல்துரு, உசுரு இருக்காடா?" என்று அவர் கத்த, விளையாட்டாம், இவன் மூச்சை அடக்கிக்கொண்டு செத்தவன் மாதிரி கிடந்தான். அவர் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். (பனி சுட்டது அக்கா. அதைவிட அவர் அழுதது அதிகமாகச் சுட்டது. அப்புறம் அவர் விட்ட அறை தனிக்கணக்கு.)

பால்தேநீர் கொடுத்து உட்கார வைத்தேன். தொப்பியைக் கழற்றினார், அப்புறம் மேலங்கி, அப்புறம் காலணி. அடுப்பைத் தொட்டுப் பார்த்து, "தீயே இல்லை, சூடு எங்கேருந்து தங்கச்சி வருது? பூதம் கீதம் வெச்சிருக்கியா?" என்றார். கதவை அவரே இரட்டைக் கம்பளி வைத்துச் சரிசெய்தார், இப்போது முன்னைவிடக் கதகதப்பு.

நம் வீட்டுப் புகை நின்றால் போதுமா, வடக்கே இருந்து அவர் வீட்டுப் புகை வருமே என்று நீ கேட்பாய். நானும் பேரனின் மூச்சுத்திணறலைச் சொல்லி அதையே அவரிடம் கேட்டேன். அடுத்த குளிருக்கு அவரும் மாற்றிக்கொள்கிறாராம். "அதுவரைக்கும் என்ன, புள்ள இருக்கிற நாளெல்லாம் நான் அடுப்பைத் தொடமாட்டேன், உங்க வீட்டுலயே படுத்துக்கறேன்" என்று சொல்லி முந்தாநாளே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து ஒத்திகை பார்த்தாயிற்று. (குறட்டையிலிருந்து மின்சாரம் எடுக்க முடிந்தால் நம் மேடு முழுக்க விளக்கெரியும்.)

ஊர் முழுக்க வானம் தெளிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காற்றில்லாத நாளில் குழந்தையை வெளியே விடாதே, முகமூடி கொண்டு வா, அங்கேயும் ஆளில்லாத அறையில் விளக்கை அணை. ஆனால் பேரனுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை நேற்றுக் காலை வாசல் கொடியில் சோதனைக்காகத் தொங்கவிட்டேன். போன வருஷம் இதே கொடியில் வெள்ளைத் துணி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன், வெள்ளையாகவே இருந்தது. அளவுதான் தெரியவில்லை, அதற்கு அவன் வர வேண்டும்.

நீண்ட ஆயுளும் நல்ல மூச்சும் உங்கள் மூவருக்கும் அமையட்டும். டிக்கெட் போட்டதும் சொல்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா துலம்சூரேன்

(எழுதியவன் துகுல்துர். வா அக்கா, இந்த முறை செத்த மாதிரி நடிக்க மாட்டேன்.)