நோராவை விசாரித்த வாரம்

அக்டோபர் 9, 2004. சனி

காலையிலிருந்து தூறல். பி.பி. மாத்திரை போட்டாயிற்று. காபிப் பொடி தீரப்போகிறது.

மேகன் சொன்ன நேரத்துக்கு வந்தாள். அதில் குறை சொல்ல முடியாது. என் மகன் ரகு கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண். நான் சரி என்றால்தான் கல்யாணம் என்று இருவரும் காத்திருக்கிறார்கள். வற்புறுத்துவதில்லை. அதுதான் சங்கடம்.

அவளுடைய தாத்தாவின் தாத்தா, பேட்ரிக், அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து இந்த நியூ ஜெர்சியில் உருளைக்கிழங்கும் மாடுகளுமாகப் பண்ணை நடத்தியவராம். அவரைப் பற்றித் துருவிக்கொண்டிருக்கிறாள். நானும் கூட வருகிறேன் என்றேன். சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதற்கு வருகிறேன் என்று இந்த நோட்டில் மட்டும் எழுதலாம். திருச்சியில் என்றால் பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்போம். இங்கே யாரைக் கேட்பது? தங்கை விஜயாதான் போனில் வழி சொன்னாள்.

"அந்தப் பொண்ணே குடும்பக் கதையத் தேடுதுல்ல, கூடப் போய் கேளேன்க்கா. பைத்தியம், காசம், ரெண்டாம் தாரம். ஏதாவது ஒண்ணு கெடச்சாப் போதும், ரகுகிட்ட சொல்லி நிறுத்திரலாம்."

சரி என்றேன்.

அக். 10. ஞாயிறு

மாதா கோவில் கல்லறைத் தோட்டம். செருப்பெல்லாம் சேறு. பேட்ரிக்கின் கல்லைக் கண்டுபிடித்தோம். பக்கத்தில் பிள்ளைகள், ஒரு மருமகள். மனைவியைக் காணோம். மேகன் கவனிக்கவே இல்லை. போட்டோ எடுப்பதில் மும்முரம். நான்தான் கேட்டேன், அவர் மனைவி எங்கே என்று.

நின்றுவிட்டாள். பெயர் நோரா, அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. எழுதவே கூசுகிறது.

அக். 13. புதன்

வெயில். முதியோர் இல்லம். மேகனுடைய தாத்தாவின் தங்கை டெலியா அங்கே இருக்கிறாள். தொண்ணூறு இருக்கும். பேட்ரிக்கும் நோராவும் அவளுக்குத் தாத்தா, பாட்டி.

முதலில் வாயே திறக்கவில்லை. மடியில் ஜெபமாலை. மேகன் டீ வாங்கப் போனதும், "அருள் நிறைந்த மரியே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கான்வென்ட்டில் தினமும் சொன்னது, இன்னும் ஒரு சொல் பிசகாது. டெலியா என்னைப் பார்த்தாள், பிறகு கூடவே சொன்னாள். முடிந்ததும் கேட்டேன், நோரா எப்படிப் போனாள் என்று. நானும் மாதா கோவில்காரி என்று நினைத்துச் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு நோராவுக்குச் சித்தம் கலங்கியது. பேட்ரிக் கொண்டுபோய் மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டார். சாகும்வரை அங்கேதான். புதைத்ததும் அங்கேதான். டெலியாவைச் சிறு வயதில் ஒருமுறை கூட்டிப் போயிருக்கிறார்கள். அவளிடம் நோரா கேட்டது ஒன்றே ஒன்று. சிவப்புப் பசு கன்று போட்டதா?

நான் தேடிப் போனது கையில் கிடைத்தாயிற்று.

திரும்பும்போது மேகனிடம் சொன்னேன். மறைப்பாள், மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். காரை ஓரம் கட்டி அழுதாள். "பாவம், யாருமே தேடலையே" என்பதுபோல் ஏதோ சொன்னாள். பிறகு, "ஆன்ட்டி, நீங்க இல்லேன்னா நோரா கிடைச்சிருக்கவே மாட்டா."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

அக். 15. வெள்ளி

மேகனின் அம்மா போன் செய்து நன்றி சொன்னாள். இவ்வளவு அக்கறையான சம்பந்தி கிடைப்பது அதிர்ஷ்டமாம்.

விஜயாவும் கூப்பிட்டாள்.

"என்னக்கா, ஏதாவது ஆப்புட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல."

"உருளைக்கிழங்கு நோண்டுனவன் வம்சத்துல ஒண்ணுமேவா இல்ல? நீ சரியாக் கேட்டிருக்க மாட்ட."

சரியாகத்தான் கேட்டேன். அதுதானே தப்பு.

துணி துவைக்கப் போட்டேன். ரகுவின் வெள்ளைச் சட்டையில் கறை. ஜெபமாலை சொல்லிக்கொடுத்த கான்வென்ட் மதர் இருந்திருந்தால், ஜெபத்தை வைத்து வாயைக் கிளறியதற்கு முழங்காலில் நிறுத்தியிருப்பார்.

அக். 16. சனி

ஆஸ்பத்திரிக் கல்லறையைத் தேடி மேகன் அடுத்த வாரம் போகிறாளாம். நான் கட்டாயம் வரவேண்டுமாம்.

மாலை, ரகு காய் நறுக்கிக்கொண்டிருந்தான். எதற்காக அவளோடு அலைந்தேன் என்று சொல்லிவிட்டேன். முழுவதும். கத்தியைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தெரியும்மா. சித்தி ஃபோன் வந்தப்பவே guess பண்ணேன். அவகிட்ட சொல்லல. பாவம், நீ அவள ஏத்துக்கிட்டேன்னு நினைச்சுட்டிருக்கா."

"சொல்லிரு."

"எதுக்கும்மா? விடேன். நீ ஓகேன்னு சொல்லு, போதும்."

"என் சம்மதம் இருக்கட்டும். இப்படி வேவு பாத்த மாமியார் அவளுக்குச் சம்மதமான்னு கேளு. வேண்டாம்னு சொன்னா அதுவும் நியாயந்தான்."

போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை. காது தானாக அங்கே போகிறது. குக்கரை அணைத்துவிட்டு பால்கனிக்கு வந்து கண்ணாடிக் கதவை இழுத்து மூடிக்கொண்டேன். குளிர். சால்வை உள்ளே. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.