மேல் லயத்துப் படிகள்

1978 மார்ச் 3, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்குத்தான் எதிர் மலை தெரிந்தது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் பயிற்சி, முதல் நாள். நர்ஸம்மா பதுளையிலிருந்து, சிங்களவர், தமிழ் கொஞ்சம். வாரம் இரண்டு நாள் வருவாராம். கிழடுகள் எட்டுப் பேர், எட்டு நாற்காலி.

என் முறிந்த தொடை எலும்பு கூடி நான்கு மாதம். படுத்தே கிடந்ததில் கால் குச்சியாகிவிட்டது. கையை ஊன்றாமல் எழ வேண்டுமாம். முப்பது வருஷம் கங்காணி. விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நூறு பேரை நிற்கவைத்தவன். ஒரு தடவைகூட எழ முடியவில்லை.

வீட்டில் செய்ய:
உட்கார்ந்து எழுதல், பத்து.
சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தல், பத்து.
கணுக்காலில் மணல் பை கட்டி, காலை நீட்டி மடக்கல். முடிந்த மட்டும்.

கடைசி நாற்காலியில் மருதாயி, முன்பு என் கீழ் கொழுந்து பறித்தவள். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மார்ச் 7, செவ்வாய்

வெயில். மனைவி நான் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து மணல் பை தைத்துத் தந்தாள். இரண்டு தடவை எழுந்தேன்.

நர்ஸம்மா ஜோடி பிரித்தார். எனக்கு மருதாயி. கை பிடித்து ஒருவர் எழ, மற்றவர் எண்ண வேண்டும். கொழுந்து பறித்த விரல்கள், இன்னும் பலம்.

"ஒண்ணு... ரெண்டு... மூச்ச அடக்காதீங்க கங்காணி."

நர்ஸம்மா அவளிடம்: "அம்மா, முழங்காலுக்கு என்ன நடந்தது?"

"மலையில விழுந்துட்டேன் மிஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் சிமெண்டுத் தரையைப் பார்த்தேன்.

மார்ச் 10, வெள்ளி

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

பத்து வருஷம் முன்பு. மழை. மருதாயி வீங்கிய முழங்காலோடு பெரட்டுக்கு வந்து, "இன்னிக்கு மட்டும் கீழ் மலை குடுங்க கங்காணி" என்றாள். "நடிக்காத, மேல ஏறு" என்றேன், எல்லோர் முன்னாலும். செங்குத்தான மலை. கூடையோடு உருண்டாள். தோட்டத்துத் துரை விசாரித்தபோது, பேச்சு சுவாரசியத்தில் கவனமில்லாமல் வழுக்கினாள் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு அவள் மலை ஏறவில்லை.

இன்று ஆறு தடவை எழுந்தேன். ஆறையும் அவள்தான் எண்ணினாள்.

மார்ச் 14, செவ்வாய்

தூறல். மணல் பை ஓட்டை, வராந்தா எல்லாம் மணல். எட்டாவது தடவை எழுந்து நின்றபடியே சொல்லிவிட்டேன். "மருதாயி, அன்னிக்கு துரைகிட்ட நா சொன்னது பொய். தப்பு என்னுது."

கையை விடவில்லை அவள்.

"எனக்குத் தெரியாததா? எங்கிட்ட சொல்லி என்ன கங்காணி? எம் மக சரசுகிட்ட சொல்லுங்க. நா விழுந்ததாலதான் அவ பள்ளிக்கூடத்த விட்டுட்டுக் கொழுந்துக்குப் போனா. 'ஒன் கவனக்கொறவாலதானே'ன்னு இன்னமும் ஏசுறா."

"வரச் சொல்லு, சொல்றேன்."

"நீங்க போங்க."

அவர்கள் வீடு மேல் லயத்தில், மேட்டிலிருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளில். நாற்பத்து மூன்று படி.

மார்ச் 19, ஞாயிறு

மனைவியிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். ஐந்து படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினேன். வேர்வை.

சரசு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மருதாயி உள்ளே கதவோரம். சொன்னேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது. "என்னா சொல்றீங்க?" என்றாள் சரசு. மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

சரசு தாயிடம் திரும்பினாள். "ஏம்மா, நீ ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீ கங்காணி சொன்னதத்தான் நம்புன."

சரசு துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்த் தாயின் காலடியில் உட்கார்ந்தாள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன்.

ஏறத்தான் பழகியிருந்தேன். இறங்கப் பழகவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தை இறங்குவதுபோல், நாற்பத்து மூன்று படியும். லயமே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.