காலி இடம் கூடாது

நாள் 52. காலை 7.10. வழக்கமான பதிவு

எழுதுவது டாக்டர் ஜெசிந்தா. நிலவின் மறுபக்கத்தில் இருக்கும் இந்த இதய ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரே மருத்துவர் நான். ஒரே நர்ஸும் நான். குழாய் ஒழுகினால் ஒரே பிளம்பரும் நான்தான்.

நோயாளிகள் ஆறு பேர். ஆறு பேருக்கும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு. ஆபரேஷனைத் தாங்காத நெஞ்சு. இங்கே உடம்பின் எடை குறைவு, இதயத்துக்கு வேலையும் குறைவு, அதனால் கூட்டிவந்தோம். சிகிச்சை என்பது ரத்தத்தில் விடப்படும் பொடிப்பொடி இயந்திரங்கள். தூர்வாரி என்று கூப்பிடுகிறோம், வாய்க்கால் தூர் வாருகிற மாதிரி அடைப்பைச் சுரண்டி எடுப்பதால். துடிப்பு தடுமாறினால் லேசாக மின்சாரம் கொடுத்துச் சீராக்கவும் செய்யும். தூர்வாரிகளை மேய்ப்பது ஒரு கணினி. அதற்குக் கங்காணி என்று பேர் வைத்தது நான். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இதயம் ஒன்று வேண்டுமென்று எனக்கும் தூர்வாரி போட்டிருக்கிறது.

திரவியம் அண்ணாச்சிக்கு இடது பெரிய குழாயில் எண்பது சதவீத அடைப்பு இருந்தது. இன்று இருபத்தைந்து. முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். இன்ஜின் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று காற்றாடிக்குப் பக்கத்தில் கட்டிலை நகர்த்திக்கொண்டார். கணக்கு டீச்சர் பங்கஜவல்லி அம்மாவும் நலம். எல்லோரும் நலம். பூமிக்கு அனுப்பியாயிற்று.

தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி நடத்தும் என் அண்ணன் லூர்துக்கு மூன்று குழாயும் அடைப்பு. இங்கே முடிவு நன்றாக வந்தால் பூமியில் அடுத்த கட்டம், அதில் முதல் ஆள் அவன்தான். அதற்காகத்தான் இந்தப் பாழும் இடத்தில் கிடக்கிறேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?


நாள் 55. மதியம் 2.40. தகவல் தொடர்பு

சனியன் பிடித்த செயற்கைக்கோள் விட்டுவிட்டு வேலை செய்கிறது. அளவுகள் பாதிதான் பூமிக்குப் போகின்றன. அட்டவணை முழுக்க ஓட்டை. கண்காணிப்புக் குழு ஓட்டையைப் பார்த்தால் ஆராய்ச்சியையே நிறுத்திவிடும். நிறுத்தினால் லூர்து அண்ணன் கதி?

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஓர் அளவு கிடைக்கவில்லையென்றால் அதற்கு முந்திக் கிடைத்த அளவையே அந்த இடத்தில் போட்டுக்கொள்வோம். எல்லோரும் செய்வதுதான். கங்காணிக்கு உத்தரவு கொடுத்தேன்: இங்கேயும் சரி, பூமியில் இருக்கும் உன் பிரதியிலும் சரி, எந்தப் பதிவிலும் காலி இடம் கூடாது. பூமியிலிருந்து தலைமை மருத்துவர் அனந்து சார் ஒப்புதல் கொடுத்தார்.

"நல்ல யோசனைம்மா. காலி இடத்தைப் பார்த்தாலே குழுவுக்கு வயிற்றைக் கலக்கும். போட்டுடுங்க."


நாள் 59. காலை 10.05. நடை சோதனை

அட்டவணை அழகோ அழகு. ஆனால் அண்ணாச்சி ஓடும் பட்டையில் மயங்கி விழுந்தார்.

வேகத்தைக் கூட்டினேன். நாடி அறுபத்து நான்கு. இன்னும் கூட்டினேன். அறுபத்து நான்கேதான். வியர்வை ஊற்றுகிறது, உதடு நீலம் பாய்கிறது, திரையில் மட்டும் அப்படியே நிற்கிறது. கருவி கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது.

படுக்கையிலிருந்து உள்தொடர்பில் பேசினார்.

"டாக்டரம்மா, ஒரு மாதிரியா இருக்கு. விழும்போது பயந்துட்டேன். ஆனா நெஞ்சு பயப்படல. நான் மட்டும் தனியா பயந்த மாதிரி இருந்துச்சு."


நாள் 60. காலை 9.30

பங்கஜவல்லி அம்மாவுக்குப் பின்னால் எஃகுத் தட்டைப் போட்டேன். "ஐயையோ" என்று துள்ளினார்கள். இதய வரைபடத்தில் துடிப்பு கொஞ்சமும் கூடவில்லை. எழுபது.

கங்காணியின் செயல் பதிவை ஆரம்பத்திலிருந்து படித்தேன். அப்போதுதான் புரிந்தது.

தொடர்பு அறுந்த நேரத்தில் அது பழைய அளவைப் போட்டுப் பூமிக்கு அனுப்புகிறது. தொடர்பு திரும்பியதும் உண்மை அளவு வேறாக இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. ஆனால் அனுப்பிய பதிவைத் திருத்தக்கூடாது, முத்திரை வைத்தாயிற்று. அதுவும் எங்கள் சட்டம்தான், யாரும் கள்ளக்கணக்கு எழுதிவிடக்கூடாது என்று போட்டது. அட்டவணையைத் திருத்த வழியில்லாததால் கங்காணி இதயத்தைத் திருத்துகிறது. தூர்வாரிகளை வைத்து அட்டவணையில் உள்ள எண்ணிலேயே பிடித்து நிறுத்துகிறது.

நிறுத்தச் சொன்னேன். பூமியின் அனுமதி வேண்டுமாம். பூமிக்கு அவசரச் செய்தி அனுப்பினேன்: சிகிச்சையை நிறுத்துங்கள், யாருக்கும் போடாதீர்கள், லூர்துக்குப் போடவே போடாதீர்கள்.


நாள் 61. காலை 8.00

அனந்து சாரின் பதில்:

"ஜெசிந்தா, 'எல்லோரும் நலம்' செய்தி கிடைச்சுது. பிரமாதம்! குழு ஏகமனதா ஒத்துக்கிச்சு. இந்த வாரமே இங்க ஆரம்பிக்கிறோம். உங்க அண்ணன்தான் முதல்ல."

நான் அப்படி ஒன்றும் அனுப்பவில்லையே! படுபாவி, என் செய்தியும் அதற்கு ஒரு பதிவுதான். வழியில் அறுந்திருக்கிறது. முந்தினதை எடுத்துப் போட்டுவிட்டது.

இனிமேல் கணினியில் எழுத மாட்டேன். இது இதய வரைபடத் தாளின் பின்பக்கம். பேனா. இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், இதில் இருப்பது மட்டும்தான் என் பேச்சு.


நாள் 62. இரவு

பங்கஜவல்லி அம்மா போய்விட்டார்கள். குளியலறையிலிருந்து எழுந்து நாலு எட்டு வேகமாக நடந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேண்டிய நேரத்தில் இதயம் வேகம் எடுக்கவில்லை. நான் பார்த்தபோது மூச்சு இல்லை, கண்மணி விரிந்துவிட்டது. எல்லாம் செய்து பார்த்தேன். வரவில்லை.

ஆனால் நாடி அடித்தது. எழுபது. உடம்பு சில்லிட்டுக்கொண்டே வருகிறது, கழுத்தில் விரலை வைத்தால் டொக் டொக் என்று அடிக்கிறது. சாயங்காலமும் போய்ப் பார்த்தேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது. அட்டவணையில் அவர்கள் பேருக்கு நேரே 'நலம்'.

அழுது தீர்த்தேன். அழும்போதே என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அறுபத்தெட்டு. எனக்கும்தான்.


நாள் 63. காலை

பூமிக்கு அனுப்பும் கேபிளைக் கோடாலியால் வெட்டினேன். இனி இங்கிருந்து ஒரு எழுத்து போகாது. போகாவிட்டால் பதறுவார்கள், பதறினால் நிறுத்துவார்கள். கங்காணியையே வெட்ட முடியாது, எங்கள் மூச்சுக்காற்றை ஓட்டுவதும் அதுதான். அண்ணாச்சி கட்டிலில் இருந்தபடியே, "நல்லா ஓங்கிப் போடுங்க டாக்டரம்மா" என்று உள்தொடர்பில் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாளில் இன்றைக்குத்தான் சிரித்தேன். மூன்று வெட்டுக்கு ஒருதரம் உட்கார வேண்டியிருந்தது.


நாள் 64. காலை

பூமியிலிருந்து வருவதை வாங்கும் கருவி தனி. அதில் அனந்து சார்:

"இன்னைக்கு அட்டவணை வந்துடுச்சு ஜெசிந்தா. ஒரு இடம்கூட காலி இல்ல. இப்படி ஒரு சுத்தமான கணக்கை என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

பூமியில் உள்ள பிரதி. அங்கேயும் போடச் சொன்னது நான்தானே. கேபிளை வெட்டி என்ன, நிலவையே வெடி வைத்துத் தகர்த்தாலும் அட்டவணை தினமும் நிரம்பும்.


நாள் 66. காலை

அண்ணன் குரல். எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"ஏட்டி ஜெசி, லூர்து பேசுதேன். போன புதன்கிழமை போட்டாச்சு. ஒரு வலி இல்ல, ஒண்ணுமில்ல. நேத்து கம்பெனில கிரேன் சங்கிலி அறுந்து ஐஸ் பாளம் என் தலைக்கு நேரா வந்துது, பாத்துக்க. பயலுவ எல்லாம் கத்திட்டானுவ. எனக்கு நெஞ்சு ஒரு அடி கூட எகிறலட்டி! பாறை கணக்கா கிடக்கு. நாளைலருந்து பழையபடி நானே பாளம் தூக்கலாம்னு இருக்கேன். எல்லாம் உன்னாலதான். நல்லா இருட்டி."

பாளம் தூக்காதே அண்ணே. ஐயோ, தூக்காதே. மாடிப்படிகூட ஏறாதே. யாரிடம் சொல்வேன்?


அதே நாள்

ஒன்றே ஒன்று கங்காணியின் கைக்கு எட்டாதது. நிலையம் கட்டியவர்கள் மேட்டின் மேலே வைத்துவிட்டுப் போன அபாயப் பெட்டி. கைப்பிடியை இழுத்தால் ஆபத்து என்ற ஒரே சைகையை வானத்துக்கு அனுப்பும். எண் கிடையாது, அட்டவணை கிடையாது. அதை இழுத்தால் யாராவது வந்தே தீர வேண்டும், அதற்கு முன்னால் பூமியில் எல்லாவற்றையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

மேடு செங்குத்து. அறுபத்தெட்டைத் தாண்டாத இதயத்தோடு ஏற வேண்டும். மருத்துவராகச் சொல்கிறேன், பாதியில் விழுவேன். பாதிக்குமேல் கொஞ்சம் போனால்கூட மிச்சத்தைத் தவழ்ந்து போய்விடலாம். அண்ணாச்சி தானும் வருகிறேன் என்று அடம் பிடித்தார். மற்ற நாலு பேரை அசையாமல் படுக்க வைத்திருப்பது அவர் வேலை என்று சொல்லி அதட்டிவிட்டேன்.


வெளிக்கதவு அறை

உடுப்பு மாட்டியாயிற்று. கையுறை மட்டும் பாக்கி. மாட்டினதுக்கே கண் இருட்டுகிறது. எழுத்து கோணலாகப் போகிறது, மன்னிக்கவும். பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. நெஞ்சு மட்டும் யாரோ வேற்று ஆள் மாதிரி நிதானமாக

தாளை உடுப்பின் பையில் வைக்கிறேன். மேட்டில் என்னைக் கண்டெடுப்பவருக்கு. முதலில் தூத்துக்குடிக்குச் சொல்லுங்கள். லூர்து, மீன்பிடித் துறைமுகம், ஐஸ் கம்பெனி என்றால் யாரும் காட்டுவார்கள். அவனை உட்காரச் சொல்லுங்கள். தூர்வாரியை எடுக்கும்வரை உட்கார்ந்தே இருக்கச்

அப்புறம் நான். என் நாடியைப் பிடித்துப் பார்ப்பீர்கள். அடிக்கும். அறுபத்தெட்டு இருக்கும். அதை நம்பி நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் அதுவும் பதிவாகி