எந்த மணி நிஜம்?

ஜூலை 3
மத்தி பொரித்துக்கொண்டிருந்தேன். ஐசியூ மானிட்டர் அலறியது. கரண்டியோடு வாசல் வரை ஓடிவிட்டேன். வீட்டில் ஏது மானிட்டர்? "மறுபடியுமா?" என்றார் கணவர் சாஜன். மீன் கருகிவிட்டது.

ஜூலை 5
நர்சுகளுக்குத் தியான வகுப்பாம். ஆள் போடச் சொன்னால் தியானம் போடுகிறார்கள். சொல்லித்தர வந்தவர் ஸ்ரீரேகா. "சத்தம் வந்தா வரட்டும், பின்னாடி போகாதீங்க. மூச்சை மட்டும் கவனிங்க." பக்கத்தில் என் சீனியர் சலோமி சேச்சி குறட்டை. எனக்கோ மூச்சு என்றதுமே கண் வாட்சுக்குப் போகிறது. நோயாளியின் மூச்சை எண்ணி எண்ணி வந்த பழக்கம்.

ஜூலை 11
பலிக்கிறது! குளிக்கும்போது அலறல். நின்று மூச்சு விட்டேன். போய்விட்டது.

ஜூலை 16
காலை டூட்டி. மருந்து கலக்கும்போது அலறல். வழக்கமான பொய்ச் சத்தம் என்று நினைத்தேன். வரட்டும், போகட்டும். மூச்சு உள்ளே, வெளியே — சேச்சி என்னை இடித்துக்கொண்டு ஓடினார். "அஞ்சாம் பெட்டுடீ! காது அடைச்சுப்போச்சா?"
அந்தப் பெட்டில் இருக்கும் பெரியவர் பீரானிக்காவின் ஆக்சிஜன் குழாய் கழன்று கிடந்தது. உதடு நீலம்.
பிழைத்துவிட்டார். சேச்சி இல்லாவிட்டால்? ஐயோ, இனி எந்தச் சத்தத்தை நான் நம்புவது?

ஜூலை 17
லீவு போட்டேன். வேலையை விட்டுவிடலாமா?

ஜூலை 19
வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஸ்ரீரேகா முகம் வெளுத்தது.
"எனக்கும் கேக்குதுடீ," என்றார் சேச்சி. "மக கல்யாணத்துல பூசை நடக்கிறப்பவே சர்ச்சுல இருந்து வெளிய ஓடினேன். வயித்துக்கோளாறுன்னு நினைச்சாங்க. எது நிஜம்னு எனக்கு மட்டும் தெரியுமா? எல்லாத்துக்கும் ஓடுறேன், அவ்வளவுதான்."
தங்களுக்கும் கேட்கிறது என்று பாதிப்பேர் கை தூக்கினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.
"இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும்," என்றார் ஸ்ரீரேகா. "டூட்டியில முதல்ல ஓடுங்க. மூச்சு அப்புறம்."

ஜூலை 26
பீரானிக்கா இன்று வார்டுக்கு மாறினார். நடந்ததை அவரிடமும் சொன்னேன். "அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குற மகளே? பேஷன்ட் நானா, நீயா?"
அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் அலறல். ஓடினேன். ஒவ்வொரு திரையாகப் பார்த்தேன்.
"சேச்சி, இப்ப கேட்டுச்சா?"
"இல்லடீ."
அப்புறம்தான் மூச்சு விட்டேன்.