பதினொன்றேகாலுக்கு நிற்கும் மெஷின்

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். உன்னுடைய அப்புறம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் சோப்புக் கம்பெனியில் நெட்டைக்கு விசாரணை. நாலாவது லைனில், சோப்புக் கட்டி உறைக்குள் போகிற இடத்தில் நிற்பவள். ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகள். புருஷன் இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடக்கிறான். அவள் வேண்டுமென்றே மெஷினை நிறுத்துகிறாள் என்று கையில் ஒரு தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன். பதினொரு வருஷமாக நிறுத்துகிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். பெல்ட் ஓரத்தில் மெஷினுக்குச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண் இருக்கிறது. அதை எதுவாவது மறைத்தால், கட்டி சிக்கிக்கொண்டது என்று நினைத்து மெஷின் தானாக நின்றுவிடும். ஒரு சிட்டிகை சோப்புத் தூள் போதும். துடைக்க ஒரு நொடி ஆகாது. ஆனால் விதிப்படி சுவிட்சை அணைத்து, துடைத்து, வெறும் பெல்ட்டை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் கட்டி போட வேண்டும். மொத்தம் ஆறு நிமிஷம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெக்கானிக் கை போகிற இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆறு நிமிஷத்தில்தான் எங்கள் லைனில் பதினான்கு பேர் கழிவறைக்குப் போய் வருகிறோம். மற்ற நேரத்தில் போவதென்றால் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை இருக்கிறது. பதினான்கு பேருக்கு ஓர் அட்டை. அதைக் கேட்டால் சூப்பர்வைசர், "இப்பதானே போய்ட்டு வந்த, உனக்கு என்ன குழாயா வச்சிருக்கு?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்பான். அவனுக்கு உன் மகன் வயதுதான் இருக்கும். அதனால் யாரும் கேட்பதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. காலை பதினொன்றேகாலுக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை நான் தூளைத் தேய்ப்பேன். கொஞ்சம் தாமதமானால் நெட்டை திரும்பிப் பார்த்து, "என்னக்கா, மெஷினுக்கு இன்னிக்குக் கண்வலி வரலியா?" என்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவ்வளவு மிரட்டிக் கேட்டும் என் பேரைச் சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். ஓடுகிற லைன் பச்சை, நின்ற லைன் சிவப்பு. எந்த மணிக்கு நின்றது, எத்தனை நிமிஷம், பக்கத்தில் நின்றது யார், எல்லாம் அதில் வந்துவிடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் எங்கள் லைன் சிவப்பாவதைப் பார்த்துத்தான், அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற நெட்டையைப் பிடித்தார்கள். பிடித்த அன்று மேனேஜர் என்னிடம் வந்து, "உங்க தம்பி ஹெட் ஆபீஸ்ல உக்காந்து செஞ்சதும்மா இது, எவ்வளவு துல்லியம் பாத்தீங்களா?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள், நான்தான் நிறுத்தினேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. உங்க தம்பி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கிழிச்சுப் போடுங்கம்மா" என்றார். உன் அக்கா என்பதால் நான் தப்பு செய்ய மாட்டேனாம். யாருக்கும் அக்காவாக இல்லாததால் நெட்டை செய்திருப்பாளாம். நான் கிழிக்கவில்லை. இன்று காலை அதே தாளை உன் பேர் போட்டுப் பதிவுத் தபாலில் உன் ஆபீசுக்கே அனுப்பிவிட்டேன். உன் மேசைக்குத்தான் வரும். முன்னாலேயே தெரியட்டும் என்று இதை வீட்டுக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

வேறு செய்தி. எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று திட்டினார். மறந்துவிடுகிறேன் என்று சொன்னேன். கால் வீக்கமும் முன்போலத்தான். பயப்பட ஒன்றுமில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் டிராயர் நனைந்து அழுதுகொண்டு வந்தாய். வெளியே போக வாத்தியார் விடவில்லை என்றாய். நான் அரை நாள் லீவு போட்டு வந்து ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அந்த வாத்தியார் வந்து இனிமேல் விடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. எனக்கு இருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. என்னைக் காப்பாற்றச் சொல்லியும் எழுதவில்லை. என் தாளை நீ மேசை டிராயருக்குள் போட்டு மூடக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் அது விசாரணைக்காரர்கள் கைக்குப் போக வேண்டும். அதற்காக என்னை வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும், வீட்டில் சும்மா உட்கார எனக்கும் தெரியும். இன்னொன்று, உன் டிவியில் பச்சை, சிவப்பு என்று இரண்டு நிறம்தானா இருக்கிறது? அந்த ஆறு நிமிஷத்துக்கு வேறு ஏதாவது ஒரு நிறம் போட முடியுமா என்று பார். உனக்கு அது பெரிய வேலை இல்லை. பிறகு தூளுக்கு அவசியம் இருக்காது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ உடம்பைப் பார்த்துக்கொள். மீட்டிங் மீட்டிங் என்று அடக்கிக்கொண்டு உட்காராதே. நிறையத் தண்ணீர் குடி. எழுந்து போகத் தோன்றினால் எழுந்து போ, யாரையும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா,
நாலாவது லைன்.